பிரென்ட்ஃபோர்டில் 4-0 தோல்வி, மறுநாள் வெயிலில் 13.8 கி.மீ. ஓட்டம்: டென் ஹாக் செய்தது சரியா?

செஞ்சட்டை82
16 ஆகஸ்ட் 2022, இரவு 9.40

சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு ஆரம்பித்த மேட்ச் பத்து முப்பத்தைந்துக்கே முடிந்துவிட்டது. டசில்வா, யென்சன், பென் மீ, எம்புவேமோ என்று நான்கு பேர், நான்கு கோல். மீதி நேரம் டிவியை அணைக்கவும் மனமில்லை, பார்க்கவும் முடியவில்லை. தோற்பது எந்த அணிக்கும் நடப்பதுதான். ஆனால் பந்து பறிபோன பிறகு திரும்பி ஓடக்கூட மனசில்லாமல் நின்றார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முதல் மேட்சில் சொந்த மைதானத்திலேயே பிரைட்டனிடம் 2-1, அடுத்தது இது. மான்செஸ்டர் யுனைடெட் பாயிண்ட் டேபிளில் கடைசி இடம். 1992 ஆகஸ்டுக்குப் பிறகு இப்போதுதான் இந்தக் கோலத்தைப் பார்க்கிறோம்.

செய்தியை எல்லாரும் படித்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை வீரர்களுக்கு விடுமுறை என்று இருந்ததை நம் புதிய மேனேஜர் டென் ஹாக் ரத்து செய்துவிட்டார். காலையிலேயே கேரிங்டன் பயிற்சி மைதானத்துக்கு வரச் சொல்லி, முப்பது டிகிரி வெயிலில் 13.8 கிலோமீட்டர் ஓடவைத்திருக்கிறார். அது என்ன 13.8? சனிக்கிழமை பிரென்ட்ஃபோர்ட் வீரர்கள் மொத்தமாக ஓடிய தூரம் 109.4 கி.மீ., நம்மவர்கள் ஓடியது 95.6 கி.மீ. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அது.

என்னைக் கேட்டால் நூற்றுக்கு நூறு சரி. போன சீசனில் 58 பாயிண்ட், ஆறாவது இடம். போட்ட கோலும் 57, வாங்கிய கோலும் 57. மேனேஜர் மாறினார், இடைக்கால மேனேஜர் வந்தார், ஆட்டத்தில் எந்த மாற்றமும் இல்லை. இத்தனை வருடம் இந்த டிரெஸ்ஸிங் ரூமில் யாரும் யாரையும் கேள்வி கேட்டதாகத் தெரியவில்லை. இப்போதுதான் ஒருவர் கேட்டிருக்கிறார். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.


எண்கணக்கு
16 ஆகஸ்ட் 2022, இரவு 10.15

செஞ்சட்டை, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்த 13.8-ஐக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அது பதினோரு பேரும் சேர்ந்து குறைவாக ஓடிய தூரம். ஆளுக்குப் பங்கு போட்டால் 1.25 கி.மீ. வரும். நம் வீரர் ஒருவர் சராசரியாக 8.7 கி.மீ. ஓடினார், அவர்களில் ஒருவர் 9.95 கி.மீ. ஓடினார். அதற்கு ஈடாக ஒவ்வொருவரையும் 13.8 கி.மீ. முழுதாக ஓடவைத்தார். அணி மொத்தமாகப் பட்ட கடனை ஒவ்வொருவர் தலையிலும் முழுசாக ஏற்றியது மாதிரி.

அடுத்தது, நாம் தோற்றது தூரத்தினால்தானா? கோல்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள். முதல் கோலில் ரொனால்டோ பந்தை இழந்தார், டசில்வா அடித்த சாதாரண ஷாட் நம் கோல்கீப்பர் டி ஹேயாவின் கைக்கடியில் நழுவிப் போனது. இரண்டாவதில், கோலுக்கு முதுகைக் காட்டி நின்ற எரிக்சனுக்கு டி ஹேயா பந்தைக் கொடுத்தார். யென்சன் பின்னாலிருந்து வந்து பிடுங்கிக்கொண்டார். மூன்றாவது கார்னரில் வந்தது. நான்காவதுதான் ஓட்டத்தில் போனது: நாம் தாக்கப் போன இடத்தில் பந்து பறிபோய், டோனியின் ஒரே பாஸில் எம்புவேமோ தனியாகக் கிளம்பிவிட்டார். நான்கில் ஒன்று. மற்ற மூன்றும் பந்தைக் கையாண்டதிலும், நின்ற இடத்திலும் வந்த பிழைகள்.


செஞ்சட்டை82
16 ஆகஸ்ட் 2022, இரவு 10.32

பங்கு போட்டுப் பார்க்கவே எனக்குத் தோன்றவில்லை, நல்ல கணக்கு. ஆனாலும் ஒன்று. எரிக்சனைச் சுற்றி இருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்திருந்தால் டி ஹேயாவுக்கு வேறு வழி இருந்திருக்கும். பந்து இல்லாதவன் ஓடாவிட்டால் பந்து வைத்திருப்பவன் தவறு செய்வான். எனவே ஓட்டத்தையும் பிழையையும் அப்படி வெட்டிப் பிரித்துவிட முடியாது.


பிசியோ_மது
17 ஆகஸ்ட் 2022, காலை 7.05

நான் இயன்முறை மருத்துவத்தில் இருக்கிறேன். தினமும் கைக்கு வருவது முழங்காலும் தொடைத் தசையும்தான். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

மேட்ச் முடிந்த மறுநாள், ஆடியவர்களுக்கு மீட்பு நாள். மெதுவான சைக்கிள், நீச்சல், நீட்டிப்பு, மசாஜ், நல்ல சாப்பாடு. ஆடாமல் பெஞ்சில் இருந்தவர்களைத்தான் அன்று ஓடவிடுவார்கள். காரணம் இருக்கிறது. தொண்ணூறு நிமிடம் வேகமாக ஓடி, சட்டென்று நின்று, திரும்பி ஓடும்போது தசை நார்களில் கண்ணுக்குத் தெரியாத சிறு கிழிசல்கள் விழும். தசை சேமித்து வைத்திருக்கும் எரிபொருளான கிளைகோஜன் காலியாகிவிடும், அது திரும்ப நிரம்ப இரண்டு மூன்று நாள் ஆகலாம். ஸ்பிரின்ட் வேகமும் குதிக்கும் பலமும் பழைய நிலைக்கு வர ஏறக்குறைய 72 மணி நேரம். அந்த நிலையில் இருக்கும் கால்களை வெயிலில் நீண்ட தூரம் ஓடவிட்டால், புதிதாக உடல் தகுதி எதுவும் வந்துவிடாது. களைப்பின் மேல் களைப்புதான் சேரும்.

ஒரே ஒரு விஷயம் டென் ஹாக்குக்குச் சாதகமாக இருந்தது, அது காலண்டர். அடுத்த மேட்ச் 22-ஆம் தேதி திங்கள்கிழமை இரவு. நடுவில் எட்டு நாள் முழுதாக இருக்கிறது. புதன்கிழமை ஒரு மேட்ச் இருந்திருந்தால் இதை அவர் செய்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். செய்திருந்தால் இரண்டு மூன்று பேருக்கு ஹாம்ஸ்ட்ரிங் (பின்தொடைத் தசை) போயிருக்கும்.


வடசென்னை_விங்கர்
17 ஆகஸ்ட் 2022, மதியம் 1.20

மது மேடம் சொல்லும் அறிவியலை நான் மறுக்கவில்லை. ஆனால் மைதானத்தில் வளர்ந்தவனாக ஒன்று சொல்கிறேன். நான் கல்லூரி அணியில் ஆடும்போது ஒரு டோர்னமென்டில், எங்களைவிடச் சின்ன டீமிடம் 3-0 தோற்றோம். மேட்ச் முடிந்ததும் பஸ்ஸில் ஏறப் போனோம். கோச் பையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு கிரவுண்டைச் சுற்றச் சொன்னார். எத்தனை ரவுண்டு என்று சொல்லவே இல்லை. ஜெயித்த டீம் பையன்கள் மரத்தடியில் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டே எங்களைப் பார்த்தார்கள். பத்தாவது ரவுண்டிலோ பதினோராவது ரவுண்டிலோ எங்கள் சென்டர் பேக் அழுதுகொண்டே ஓடினான். அதற்கப்புறம் அந்த வருடம் முழுக்க நாங்கள் யாரிடமும் அப்படித் தோற்கவில்லை. அந்த அவமானம்தான் எங்களை ஒரு டீமாக ஆக்கியது.

இப்போது நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரியா பையன்களுக்குச் சொல்லித்தருகிறேன். 15 வயதுக்கு உட்பட்டவர்கள். சோம்பலாக ஆடித் தோற்றால் பத்து ரவுண்டு. யாரும் முகம் சுளிப்பதில்லை.


பிசியோ_மது
17 ஆகஸ்ட் 2022, மதியம் 1.48

விங்கர் அண்ணா, அந்தப் பத்து ரவுண்டு எத்தனை மணிக்கு? தண்ணீர் எப்போது கொடுப்பீர்கள்?


வடசென்னை_விங்கர்
17 ஆகஸ்ட் 2022, மதியம் 2.10

மேட்ச் முடிந்த கையோடுதான். பதினொன்று, பதினொன்றரை இருக்கும். தண்ணீர் ஓடி முடித்த பிறகு.


பழைய_பந்து
17 ஆகஸ்ட் 2022, மாலை 6.30

இந்த விவாதம் கால்பந்து அளவுக்குப் பழையது. சில பெயர்களை இங்கே வைக்கிறேன்.

ஜெர்மனியில் ஃபெலிக்ஸ் மாகத். மெடிசின் பால் என்ற கனமான பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடவைப்பதற்குப் பெயர் போனவர். வதைப்பவர் என்று பொருள்படும்படி அவர் பெயரையே திரித்துக் கூப்பிட்டார்கள். வொல்ஃப்ஸ்பர்க் பயிற்சி மைதானத்தில் படிகள் வைத்த செயற்கைக் குன்று ஒன்றையே கட்டினார், ஏறி இறங்குவதற்காக. 2008-09 சீசனில் அந்தச் சின்ன ஊர் கிளப் பண்டஸ்லிகா சாம்பியன் ஆனது. கிராஃபிட்டே 28 கோல், ஜெக்கோ 26 கோல். அந்தக் கிளப்பின் வரலாற்றில் ஒரே லீக் பட்டம் அதுதான். அதற்கு முன்பே பயர்னில் 2005, 2006 இரண்டு வருடமும் லீக், கோப்பை இரண்டையும் சேர்த்து எடுத்தவர். அதே மாகத் 2014-ல் ஃபுல்ஹாம் வந்தார். அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. அங்கே முதல் ஏழு ஆட்டங்களில் ஒரே ஒரு பாயிண்ட், செப்டம்பரில் வேலை போனது. காயம்பட்ட கால்மேல் பாலாடைக்கட்டியை வைக்கச் சொன்னார் என்று ஃபுல்ஹாம் வீரர் ஹாங்கலான்ட் வெளியே சொல்லும் அளவுக்கு உறவு கெட்டுப்போயிருந்தது. அது கட்டளை இல்லை, யோசனைதான் என்று மாகத் பிறகு விளக்கம் கொடுத்தார். குன்று ஏறுவதை நம்பும் அணிக்கு அது பலித்தது. நம்பாத அணி அந்த மனிதரையே வெறுத்தது.

இத்தாலியில் ஸ்டெனெக் ஸெமான். ஸ்டேடியத்தின் காலரிப் படிகளில் ஏறி ஏறி இறங்குவதுதான் அவருடைய முத்திரைப் பயிற்சி. ஃபோஜா என்ற சின்னக் கிளப்பை முதல் டிவிஷனுக்குக் கொண்டுவந்து, எல்லோரையும் திகைக்கவைக்கும் தாக்குதல் ஆட்டம் ஆடவைத்தார். அவரிடம் எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. 1998-ல், கால்பந்து மருந்துக் கடையை விட்டு வெளியே வர வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசியவர் அவர். வீரனின் உடம்பைக் கசக்கினார், ஆனால் அந்த உடம்புக்குள் என்ன போகிறது என்பதில் நேர்மையாக இருந்தார்.

அப்புறம், போன மாதம் சியோலில் நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். டாட்டனம் அணியை மேனேஜர் கோன்டேயின் உடற்பயிற்சியாளர் வென்ட்ரோனே மைதானத்தின் நீளத்துக்கு 42 முறை ஓடவைத்தார். சொன் தரையில் சரிந்தார், கேன் வாந்தி எடுத்தார். ஆனால் அது சீசனுக்கு முந்தைய பயிற்சி. யாரும் தோற்றதற்காகக் கொடுத்தது இல்லை. உடம்பைத் தயார் செய்ய ஓடவைப்பதையும், தப்புக்குத் தண்டனையாக ஓடவைப்பதையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. டென் ஹாக் செய்தது இரண்டாவது வகை.

தண்டனை என்று ஆரம்பித்தால் எல்லை எங்கே என்ற கேள்வி உடனே வரும். 2000 ஆப்பிரிக்கக் கோப்பையில் ஐவரி கோஸ்ட் முதல் சுற்றிலேயே வெளியேறியபோது, அன்றைய ராணுவ ஆட்சியாளர் ராபர்ட் கெயி வீரர்களை நேராக ராணுவ முகாமுக்குக் கொண்டுபோய் அடைத்துவைத்தார், ஒழுக்கம் கற்றுக்கொடுக்கிறேன் என்று. கேரிங்டனையும் அதையும் ஒப்பிட எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ‘ஒழுக்கம்’ என்ற சொல்லைக் கேட்டாலே நான் ஒரு அடி பின்னால் நின்று பார்ப்பேன்.


செஞ்சட்டை82
17 ஆகஸ்ட் 2022, இரவு 8.15

பழைய பந்து ஐயா, எவ்வளவு தகவல், நன்றி. ஆனால் நீங்கள் யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. டென் ஹாக்கும் அவர்களோடு சேர்ந்து ஓடினார் என்று செய்தியில் இருக்கிறது. அவருக்கு 52 வயது. நிழலில் நின்று விசில் ஊதியிருந்தால் நானும் உங்கள் பக்கம் வந்திருப்பேன். இந்த அணியைத் தேர்ந்தெடுத்தவன் நான், குட்டை பாஸ் ஆடச் சொன்னவனும் நான், அதனால் எனக்கும் சேர்த்துத்தான் இந்த ஓட்டம் என்று காட்டியிருக்கிறார். நம் கல்லூரி கோச்சுகளில் எத்தனை பேர் கூட ஓடியிருக்கிறார்கள்?


வடசென்னை_விங்கர்
17 ஆகஸ்ட் 2022, இரவு 8.31

எங்கள் கோச் ஓடவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் பையன்களோடு ஓடுவதில்லை.


பிசியோ_மது
17 ஆகஸ்ட் 2022, இரவு 10.50

மதியத்திலிருந்து விங்கர் அண்ணாவின் பதில் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பதினொன்றரை மணி, 15 வயதுக்கு உட்பட்டவர்கள், ஏற்கெனவே ஒரு மேட்ச் ஆடியவர்கள், தண்ணீர் இல்லை. தயவுசெய்து இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழக அணியில் ஜோர்டன் மெக்நேர் என்ற 19 வயதுப் பையன். அவர்கள் ஆடுவது அமெரிக்க ஃபுட்பால், ஆனால் ஓட்டம் எல்லாருக்கும் ஓட்டம்தான். 2018 மே 29 அன்று 110 கஜ ஓட்டங்களைத் திரும்பத் திரும்ப ஓடியபோது ஹீட் ஸ்ட்ரோக் வந்தது. உடல் சூடு மூளையைத் தாக்கும் அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கழுத்து வரை அமுக்கிச் சூட்டைக் குறைப்பது. அங்கே அதைச் செய்யவில்லை. இரண்டு வாரம் மருத்துவமனையில் இருந்துவிட்டு ஜூன் 13 அன்று இறந்துபோனான். பல்கலைக்கழகமே பிறகு பொறுப்பை ஏற்றுக்கொண்டது.

அதற்கு முன்னால் 2011-ல் அயோவா பல்கலைக்கழகத்தில், கடுமையான உட்கார்ந்து எழும் பயிற்சிக்குப் பிறகு 13 வீரர்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். தசை நார்கள் சிதைந்து, அதிலிருக்கும் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது. ராப்டோமயோலிசிஸ் என்போம். சிறுநீர் காபி நிறத்தில் போகும். மூச்சு வாங்குவதை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. பையன் வீட்டுக்குப் போய்விடுவான், மறுநாள்தான் தெரியும்.

கேரிங்டனில் டாக்டர் இருக்கிறார், ஐஸ் தொட்டி இருக்கிறது, ஒவ்வொருவர் முதுகிலும் ஜிபிஎஸ் கருவி இருக்கிறது. யாருக்காவது இதயத் துடிப்பு எகிறினால் உடனே நிறுத்திவிடலாம். நம் மைதானத்தில் என்ன இருக்கிறது? டென் ஹாக் செய்ததை டிவியில் பார்த்துவிட்டு நாளைக்கு எத்தனை ஊரில் எத்தனை கோச்சுகள் பையன்களை வெயிலில் விரட்டப் போகிறார்கள் என்பதுதான் என் கவலை. யுனைடெட் வீரர்களைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை.


வடசென்னை_விங்கர்
17 ஆகஸ்ட் 2022, இரவு 11.20

படித்தேன். தண்ணீர் விஷயத்தை இந்த ஞாயிற்றுக்கிழமையே மாற்றிவிடுகிறேன். ஓட்டத்தை விடுவதா என்று யோசிக்க வேண்டும்.


ஆன்ஃபீல்ட்_அன்பு
21 ஆகஸ்ட் 2022, இரவு 7.00

எதிர்முகாமான லிவர்பூலிலிருந்து வருகிறேன், கோபிக்காதீர்கள். நாளை இரவு எங்களோடு ஆடப் போகிறீர்கள். ஓட்டம் அதிகமாக வேண்டும் என்பவர்கள் லீட்ஸைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அங்கே மேனேஜராக இருந்த பியெல்சாவின் பயிற்சியில் பந்து நிற்கவே நிற்காது. வெளியே போனால் அடுத்த பந்து உள்ளே வந்துவிடும், பதினொருவருக்குப் பதினொருவர் மூச்சு விடாமல் ஆட வேண்டும். 16 வருடத்துக்குப் பிறகு 2020-ல் அந்த அணி பிரீமியர் லீக்குக்குத் திரும்பியதே அந்த ஓட்டத்தால்தான். ஆனால் இந்த வருடம் பிப்ரவரி ஒரே மாதத்தில் 20 கோல் வாங்கினார்கள், பியெல்சாவின் வேலை போனது. பாம்ஃபோர்ட், ஃபிலிப்ஸ், கூப்பர் எல்லாரும் மாதக்கணக்கில் காயத்தில் கிடந்தார்கள். எல்லாவற்றுக்கும் பயிற்சிதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். சின்ன அணி, ஆட்கள் குறைவு. ஆனாலும் ஓட்டத்துக்கு ஒரு விலை உண்டு.

பியெல்சா செய்ததில் என் மனதுக்குப் பிடித்த தண்டனை ஒன்று உண்டு. தண்டனை என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு ரசிகர் டிக்கெட் வாங்க எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்று கேட்டு, மூன்று மணி நேரம் என்று தெரிந்ததும், வீரர்களை மூன்று மணி நேரம் பயிற்சி மைதானத்தைச் சுற்றிக் குப்பை பொறுக்கச் சொன்னார். தசைக்கு ஒரு சேதமும் இல்லை, யாருக்காக ஆடுகிறோம் என்பதும் புரிந்திருக்கும்.


செஞ்சட்டை82
23 ஆகஸ்ட் 2022, அதிகாலை 2.35

2-1!!! பக்கத்து வீட்டில் விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது, அவ்வளவு சத்தம் போட்டிருக்கிறேன்.

சாஞ்சோ போட்ட முதல் கோலைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மில்னர் சறுக்கிப் போகும் வரை பதற்றமில்லாமல் காத்திருந்து அடித்தார். 53-ஆவது நிமிடத்தில் மார்சியால் கொடுத்த பந்தில் ராஷ்ஃபோர்ட். 81-ல் சலா ஒன்று போட்டபோது உயிரே போய்விட்டது. லிசாண்ட்ரோ மார்ட்டினெஸ் ஒவ்வொரு பந்துக்கும் உயிரைக் கொடுத்து விழுந்தார்.

நண்பர் எண்கணக்குக்காகத் தூரத்தையும் சொல்லிவிடுகிறேன்: 113 கி.மீ.க்கு மேல். பிரென்ட்ஃபோர்டில் 95.6. ஒன்பது நாளில் இது எங்கிருந்து வந்தது?


எண்கணக்கு
23 ஆகஸ்ட் 2022, காலை 8.40

நானும் தூங்கவில்லை, எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த ஓட்டம்தான் ஜெயிக்கவைத்தது என்று எழுதும் முன் ஒரு நிமிடம்.

நேற்று ரொனால்டோவும் மக்வயரும் பெஞ்சில். ஷாவுக்குப் பதில் மலாசியா, மக்வயருக்குப் பதில் வரான், ஃப்ரெட்டுக்குப் பதில் மெக்டாமினே, முன்னால் ராஷ்ஃபோர்டும் எலாங்காவும். ஓடக்கூடிய கால்களைத் தேர்ந்தெடுத்து இறக்கினார். கோல் கிக் எடுக்கும்போது டி ஹேயா என்ன செய்தார் என்று கவனித்தீர்களா? குட்டை பாஸை விட்டுவிட்டு நீளமாக உதைத்தார். பிரென்ட்ஃபோர்டில் பந்தைப் பறிகொடுத்த இடமே நேற்று இல்லாமல் போய்விட்டது. இந்த இரண்டு மாற்றத்தையும் கணக்கில் எடுத்தால், 13.8-க்கு எவ்வளவு பங்கு மிச்சம் இருக்கும்?

மேட்சுக்குப் பிறகு டென் ஹாக்கே, தந்திரம் பற்றி எவ்வளவும் பேசலாம், எல்லாம் மனப்பான்மைதான் என்ற பொருளில் பேசினார். மேனேஜர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அவர் மாற்றியது தந்திரத்தையும் சேர்த்துத்தான். அதற்குரிய பாராட்டை நாம் கொடுக்க வேண்டும்.


ஆன்ஃபீல்ட்_அன்பு
23 ஆகஸ்ட் 2022, காலை 9.15

வாழ்த்துகள். நீங்கள் ஜெயிக்கத் தகுதியான ஆட்டம். எங்கள் பக்கம் தியாகோ, ஜோட்டா, கொனாட்டே, மாடிப் எல்லாரும் காயம், நூன்யெஸ் சிவப்பு அட்டைத் தடையில் இருந்தார் என்பதையும் பதிவு செய்கிறேன். சாக்குச் சொல்லவில்லை. அந்த 113-ஐ வைத்து எதையாவது நிரூபிக்கும்போது எதிரில் யார் இருந்தார்கள் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.


பிசியோ_மது
23 ஆகஸ்ட் 2022, காலை 10.02

ஜெயித்ததில் எனக்கும் மகிழ்ச்சி. ஒன்பதாவது நாளில் ஒருவன் நன்றாக ஓடுவது, முதல் நாள் அவனை ஓடவைத்ததால் இல்லை. நடுவில் கிடைத்த ஓய்வால். அந்த எட்டு நாளில் எத்தனை நாள் லேசான பயிற்சி, எத்தனை நாள் கடுமையான பயிற்சி என்று தெரிந்தால்தான் பேச முடியும். அதைப் பற்றி எந்தச் செய்தியும் எழுதுவதில்லை, 13.8 மட்டும் தலைப்பில் வந்துவிடுகிறது.


செஞ்சட்டை82
29 அக்டோபர் 2024, இரவு 9.10

இரண்டு வருடம் கழித்து இந்த இழையைத் தேடி எடுத்தேன். நேற்று டென் ஹாக்கை நீக்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வெஸ்ட் ஹாமிடம் 2-1, டேபிளில் 14-ஆவது இடம். அன்று நான் எழுதியதை எல்லாம் மறுபடி படித்தேன். சிலவற்றை இன்றும் சொல்வேன், சிலவற்றைச் சொல்ல மாட்டேன்.

லிவர்பூலுக்குப் பிறகு சவுதாம்ப்டன், லெஸ்டர், ஆர்சனல் என்று தொடர்ந்து நான்கு வெற்றி. அந்த சீசனில் மூன்றாவது இடம், 2023 பிப்ரவரியில் நியூகாஸிலை 2-0 என்று தோற்கடித்து லீக் கோப்பை. ஆறு வருடமாக ஒரு கோப்பைகூட இல்லாதவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம். டிசம்பர் கடைசி நாளில், தூங்கிப்போய் மீட்டிங்குக்குத் தாமதமாக வந்ததற்காக ராஷ்ஃபோர்டை வுல்வ்ஸ் மேட்சில் பெஞ்சில் உட்காரவைத்தார். இரண்டாம் பாதியில் இறக்கினார், ராஷ்ஃபோர்டே வெற்றி கோலைப் போட்டார். அதுவும் தண்டனைதான். அளவான, உடனே முடிந்துபோன தண்டனை. அந்த மனிதரை நான் முழு மனதோடு நம்பிய நாட்கள் அவை.

அப்புறம் சாஞ்சோ. 2023 செப்டம்பரில் ஆர்சனலிடம் தோற்றதும், பயிற்சியில் சரியில்லை என்பதால்தான் சாஞ்சோவை எடுக்கவில்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அந்தப் பையன் சமூக ஊடகத்தில் மறுத்து எழுதினான். அதற்குப் பிறகு முதல் அணியோடு சேரவிடாமல் தனியாகப் பயிற்சி எடுக்கவைத்தார்கள். ஜனவரியில் டார்ட்மண்டுக்குக் கடனாகப் போனவன், ஜூன் 1 அன்று சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் ஆடினான். லிவர்பூலுக்கு எதிராக நான் கத்திய முதல் கோல் அவன் போட்டது. கேரிங்டன் வெயிலில் எல்லாரோடும் சேர்ந்து ஓடிய மனிதர், சாஞ்சோவைத் தனியாக விட்டுவிட்டார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.


எண்கணக்கு
29 அக்டோபர் 2024, இரவு 9.48

கடைசி வரை அந்த அணிக்கு இருந்த பிரச்சினை வேறு. போன சீசனில் 14 லீக் தோல்வி, எட்டாவது இடம், அதுவரையிலான பிரீமியர் லீக் காலத்திலேயே மிகத் தாழ்ந்த இடம். மார்ச்சில் அதே பிரென்ட்ஃபோர்ட் மைதானத்தில் 1-1, அவர்கள் அடித்த ஷாட் மட்டும் 31. முன்னால் இருப்பவர்கள் பந்தைப் பறிக்க பிரஸ் செய்யப் போவார்கள், டிஃபென்ஸ் பின்னாலேயே நிற்கும், நடுவில் பெரிய வயல் மாதிரி இடம் கிடக்கும். ஒருவன் எவ்வளவு ஓடினாலும் அந்த இடத்தை அடைக்க முடியாது. சேர்ந்து நகர வேண்டும். 2022-ல் தூரத்தை அளந்தோம், வரிசைகளுக்கு இடையே இருந்த இடைவெளியை அளக்கவில்லை. ஆனாலும் மே மாதம் வெம்பிளியில் எஃப்ஏ கோப்பை இறுதியில் மான்செஸ்டர் சிட்டியை 2-1 என்று ஜெயித்தது அதே ஆள்தான். அதையும் மறக்கக்கூடாது.


பழைய_பந்து
30 அக்டோபர் 2024, காலை 6.20

நான் அன்று எழுதிய வென்ட்ரோனே, அடுத்த இரண்டு மாதத்திலேயே, 2022 அக்டோபர் 6 அன்று காலமானார். அடுத்த ஆட்டத்தில் கேன் போட்ட கோலுக்கு அந்த அணி வானத்தைப் பார்த்து அவரை நினைத்தது. சியோலில் தங்களைத் தரையில் சரியவைத்த மனிதருக்காக அவர்கள் அழுதார்கள். கடுமையைப் பற்றி நான் எழுதிய எதையும் மாற்றவில்லை, ஆனால் இதைச் சேர்க்க வேண்டும் என்று தோன்றியது. கடுமையானவரை வீரர்கள் நேசிப்பதும் உண்டு. தனக்காகத்தான் கசக்குகிறார் என்று நம்பினால் நேசிப்பார்கள்.


வடசென்னை_விங்கர்
30 அக்டோபர் 2024, இரவு 10.30

நானும் ஒரு கணக்கு கொடுக்க வேண்டியிருக்கிறது.

2022-ல் தண்ணீர் விஷயத்தை மாற்றினேன், நேரத்தையும் மாற்றினேன். ஓட்டத்தை விடவில்லை. பிறகு ஒரு வருடம் கழித்து ஒன்றைக் கவனித்தேன். என்னிடம் ஒரு சென்டர் மிட்ஃபீல்டர் இருந்தான், நல்ல கண் உள்ள பையன். எவ்வளவு நெருக்கடியிலும் பந்தைக் கேட்டு வாங்குவான். சில மாதங்களில் அவன் பந்து கேட்பதையே நிறுத்திவிட்டான். டிஃபென்டருக்குப் பின்னால் போய் மறைந்து நின்றுகொள்வான். கூப்பிட்டுக் கேட்டேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு, ‘என் பாஸ் போய் கோல் விழுந்தா எல்லாரும் ஓடணும் சார், பசங்க என்னைத் திட்டுறாங்க’ என்றான்.

எரிக்சன் அன்று கோலுக்கு முதுகைக் காட்டிப் பந்தை வாங்கியதை நாம் எல்லாரும் திட்டினோம். குறைந்தபட்சம் அவர் வாங்க வந்தார். என் பையனை வாங்கவே வராத அளவுக்கு ஆக்கிவிட்டேன். கல்லூரியில் அழுதுகொண்டே ஓடினான் என்று எழுதினேனே, அந்த சென்டர் பேக்கிடம் போன் செய்து பேசினேன். அந்த வருடத்தோடு அவன் பந்தை விட்டுவிட்டான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. டீமாக ஆனோம் என்று நான் எழுதிய டீமில் அவன் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை 3-0 தோற்றோம். திங்கள்கிழமை சாயங்காலம் வந்ததும் பையன்கள் தாங்களாகவே ஓடுவதற்கு வரிசையாக நின்றார்கள். மூன்று கோலில் இரண்டு கார்னரில் வந்தவை. அதனால் அந்தக் கார்னரையே போடச் சொன்னேன், நாற்பது தடவை. யார் யாரைப் பிடிக்க வேண்டும், முதல் போஸ்டில் யார், பந்து வெளியே வந்தால் யார் ஓடுவது. கடைசிப் பத்துக்கு நானும் உள்ளே இறங்கி நின்றேன். எல்லாருக்கும் நன்றாகவே மூச்சு வாங்கியது. அந்த மிட்ஃபீல்டரும் இருந்தான். இன்னும் பழையபடி பந்து கேட்கவில்லை. பார்க்கலாம்.


பிசியோ_மது
30 அக்டோபர் 2024, இரவு 10.52

நடுவில் தண்ணீர்?


வடசென்னை_விங்கர்
30 அக்டோபர் 2024, இரவு 10.55

பத்து கார்னருக்கு ஒரு தடவை, மேடம்.